பழைய சட்டமும் புதிய உறுப்புகளும்



சட்டம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நாடாளுமன்றம் இயற்றுவதும் சட்டம். கதவுக்கும் படத்துக்கும் மிதிவண்டிக்கும் உருவம் தருவதும் சட்டம். மத்திய அரசின் மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருக்கும் நமக்கு முன்னதோடு நாள்தோறும் பழக்கம்; இன்று பேச எடுத்துக்கொண்டது பின்னதைப் பற்றி. எனினும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. பழைய சட்டத்தில் புதிய பிரிவு ஒன்றைச் சேர்ப்போர், அது மற்றப் பிரிவுகளோடு முரண்படுமா என்று பார்த்தே சேர்க்கின்றனர். பழைய மிதிவண்டியில் புதிய உறுப்பைப் பொருத்துவோர்க்கும் அதே விதிதான்.

இவ்விரு சட்டங்களும் ஒரே ஏட்டில் சந்தித்ததும் உண்டு. மும்பை வொர்லியில் இயங்கிய ஹிந்த் சைக்கிள்ஸ் ஆலையையும் ஆசன்சோலில் இயங்கிய சென்-ராலே ஆலையையும் அரசுடைமையாக்க, 1980ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அவ்வாலைகள் இன்று இயங்கவில்லை. ஆனால் அவை செய்த வகையைச் சேர்ந்த இருபத்தெட்டு அங்குல வண்டி இன்னும் ஓடுகிறது.

அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தாராவியில் விடியுமுன் அடுப்பு மூட்டி, இட்டிலி அவித்து, பாத்திரத்தை மிதிவண்டியின் பின்னே கட்டி, ரப்பர்க் குமிழ் ஊதலை அழுத்தி ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாகச் செல்லும் நம்மவரை இந்நகரில் அறியாதார் இலர். அவர் வண்டி ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பதில்லை. பின்னால் அகன்ற இரும்புக் கேரியர், முன் போர்க்குக்குத் துணைக்கம்பிகள், கனத்த ஸ்டாண்டு எனத் தம் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார். பெடல் அச்சு தேய்ந்தால், மாட்டுங்காவிலும் வாங்கலாம், மதுரையிலும் வாங்கலாம், இரண்டும் பொருந்தும். பல தலைமுறைகளாக அளவு மாறாதிருப்பதே அவ்வண்டியின் பெருஞ்செல்வம்.

இதற்கு நேர்மாறானது மலை மிதிவண்டி. முன்னும் பின்னும் ஷாக் வைத்த வண்டிகள் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நம் நாட்டுப் பிள்ளைகளின் மனத்தைக் கவர்ந்தன. செம்பூரில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்றாலும், மாடிப்படியின் அடியில் அவ்வகை வண்டி ஒன்று தூசி படிந்து கிடப்பதைக் காணலாம். அதை வாங்கிய பிள்ளை வளர்ந்துவிட்டான். அவன் தம்பிக்கோ தங்கைக்கோ வண்டி தேவைப்படுகிறது. புதிது வாங்கப் பெருந்தொகை வேண்டும். பழையதைப் புதுப்பிக்கலாகாதா என்னும் கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

புதுப்பிக்கலாம் என்பதற்கு வரலாறே துணை நிற்கிறது. மலை மிதிவண்டி பிறந்ததே பழைய சட்டத்தில் புதிய உறுப்புகளைப் பொருத்தியதால்தான். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர் சிலர், 1970களில், இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட ஷ்வின் வண்டிகளைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்தனர். அவற்றில் பல்சக்கரங்களையும், வலிய பிரேக்குகளையும், மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளையும் பொருத்தி, மலைச்சரிவில் இறங்கினர். 1976 அக்டோபரில் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒரு முறை இறங்கி வருவதற்குள் பழைய பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்து போகும்; மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. ஆனால் வரலாற்றின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்தப் பழைய சட்டங்கள் அவ்வுழைப்புக்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆதலின் 1977ஆம் ஆண்டில் ஜோ பிரீஸ் என்பவர் மலைச்சரிவுக்கென்றே புதிய சட்டத்தைச் செய்தார். புதிய உறுப்பின் வலிமை பழைய சட்டத்தின் வலிமையாகிவிடாது என்பதே அதன் பாடம்.

எனவே முதற்கேள்வி, சட்டம் எந்த உலோகம் என்பது. காந்தம் ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். எஃகு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கை தரும். விரிசலையும் கைதேர்ந்தவர் பற்றவைத்துச் சீராக்கலாம். அலுமினியம் அப்படியன்று. சிறு சிறு அதிர்வுகளும் அதனுள் களைப்பாகச் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முறியும். மேலும், மிதிவண்டிக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகள் பல, வெப்பப் பதமிட்டு உறுதியாக்கப்பட்டவை. தெருவோரப் பட்டறையில் பற்றவைத்தால் அவ்விடத்தைச் சுற்றிலும் அந்தப் பதம் போய்விடும். மறுபடி முறைப்படி பதமிடாமல் உறுதி திரும்பாது.

செம்பூரில் நம் நண்பர் ஒருவர், பதினாறு வயது மகனுக்காகத் தம் மூத்த மகனின் பழைய அலுமினிய வண்டியைத் தாராவிக்குக் கொண்டு சென்றார். நாமும் உடன் சென்றோம். பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டும் என்பது பையனின் ஆசை. சட்டத்திலோ அதற்கான தாங்கி இல்லை. “ஒரு துண்டைப் பற்றவைத்துக் கொடுங்கள் அண்ணாச்சி, கேட்டதைத் தருகிறேன்” என்றார் நண்பர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அந்தப் பட்டறைக்காரர் வண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பற்றவைக்க எனக்குத் தெரியும் சார். ஆனால் அதற்கப்புறம் இந்தத் தம்பி இதில் ஏறக் கூடாது” என்றார். கைக்கு வந்த கூலியை வேண்டாமென்றவரின் சொல்லை அறிவுரை என்று மட்டும் கொள்வதற்கில்லை. ஒரு பிள்ளையின் கழுத்தைக் காத்த சொல் அது. முன்பக்கம் மட்டும் டிஸ்க், பின்பக்கம் பழைய ரிம் பிரேக்கே என்று முடிவாயிற்று. நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கே உரியது. ஆகையால் அதில் நட்டம் ஒன்றும் இல்லை.

இனி அளவுகளுக்கு வருவோம். பெடல் அச்சு அமரும் குழாயில் முதல் நற்செய்தி இருக்கிறது. 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரிகளும் கொண்ட மறை, துப்பாக்கி செய்த பர்மிங்காம் ஆலையின் பெயரால் பி.எஸ்.ஏ. மறை என்று வழங்குகிறது. பழைய மலை மிதிவண்டிகள் பலவற்றிலும் இதுவே உண்டு. இன்றும் இதற்கேற்ற புதிய அச்சுகள் கிடைக்கின்றன. வலப்பக்கத்து மறை இடஞ்சுழி என்பதை மறந்து திருகுவோர் மட்டும் மறையை அழித்துவிடுவர்.

முன் போர்க்கில் தொல்லை தொடங்குகிறது. பழைய வண்டியில் போர்க்கின் தண்டு மேலிருந்து கீழ்வரை ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாக, 28.6 மில்லிமீட்டராக இருக்கும். இன்றைய போர்க்குகளின் தண்டு கீழே ஒன்றரை அங்குலமாகப் பருத்திருக்கிறது. பழைய தலைக்குழாயில் பெரும்பாலும் நுழையாது. நுழைகின்ற நேர்த்தண்டுப் போர்க்கு கிடைத்தாலும், அதன் நீளத்தை அளந்தே வாங்க வேண்டும். பழையதைவிட 20 மில்லிமீட்டர் நீண்டால், தலைக்குழாயின் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை மாறும். 40 மில்லிமீட்டர் நீண்டால் இரண்டு பாகை. வண்டியின் மூக்கு உயர்ந்து, திருப்பம் மந்தமாகும். அதைவிட முக்கியமாக, நீண்ட நெம்புகோல்போல் போர்க்கு தலைக்குழாயின் இணைப்பை இழுக்கும். சட்டம் முறிந்தால் பெரும்பாலும் முறிவது அங்கேதான்.

பின் ஷாக்கை வாங்குமுன் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்க: கண்ணுக்குக் கண் நீளம் ஒன்று, அமுங்கும் தொலைவு மற்றொன்று. 190 மில்லிமீட்டர் நீளமும் 50 மில்லிமீட்டர் அமுக்கமும் உள்ளதற்கு, நீளம் மாறாமல் 55 அமுங்குவதை வைத்தால் என்ன ஆகும்? ஷாக் ஒரு மில்லிமீட்டர் அமுங்கும்போது சக்கரம் இரண்டரை மில்லிமீட்டர் எழும் சட்டமானால், சக்கரம் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக எழும்; பள்ளத்தில் விழும் கணத்தில் டயர் சட்டத்தில் உராயலாம். ஆகவே ஸ்பிரிங்கைக் கழற்றியோ காற்றை வெளியேற்றியோ, சக்கரத்தைக் கையால் முழு உயரத்துக்குத் தூக்கிப் பார்த்த பின்னரே சாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சட்டத்தின் மூட்டுகளில் உள்ள பேரிங்குகளை மாற்றுவதே, செலவுக்கு மிகுந்த பயன் தரும் வேலை. மும்பையின் மழையும் கடற்காற்றின் உப்பும் முதலில் தின்பவை அவற்றையே. ஆனால் அவற்றின் பக்கவாட்டில் 608 என்றோ 6902 என்றோ பொறித்திருக்கும் எண், உலகெங்கும் ஒரே அளவைக் குறிக்கும். நாக்தேவித் தெருவின் பேரிங் கடைகளில் அந்த எண்ணைச் சொன்னால் போதும். வண்டியின் பெயரையோ ஆண்டையோ யாரும் கேட்கமாட்டார்கள். சில மலிவு வண்டிகளில் பேரிங்குக்குப் பதிலாகப் புஷ் இருக்கும். அதை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கலாம்.

சக்கரத்தில் ஆசையை அடக்குவதே அறிவுடைமை. 26 அங்குல ரிம்மின் டயர் அமரும் விட்டம் 559 மில்லிமீட்டர், 27.5 அங்குலத்துக்கு 584. 29 அங்குலத்துக்கு 622. பழைய சட்டத்தில் 29 அங்குலச் சக்கரத்துக்கு இடம் இராது. 26 அங்குல டயர் நம் நாட்டில் இன்றும் எளிதில் கிடைப்பதால் கவலை இல்லை. பின் அச்சின் இடைவெளி பழையதில் பெரும்பாலும் 135 மில்லிமீட்டர். இன்றையவை 142, 148 என விரிந்துவிட்டன. சட்டத்தை இழுத்து விரித்துப் புதிய சக்கரத்தைத் திணிப்பது, அதிலும் அலுமினியத்தில், ஒருபோதும் கூடாது.

கியர்களில் மனநிறைவுக்கு இடமுண்டு. 8, 9, 10 அடுக்குப் பல்சக்கரங்கள் பெரும்பாலும் ஒரே வகை ஹப்பின் உருளையில் அமரும். முன்னால் இருந்த மூன்று பல்சக்கரங்களை ஒன்றாக்கி, பின்னால் பெரிய பல்லடுக்கை வைத்தால் எடையும் பழுதும் குறையும். கியர் மாற்றும் பிடியும் செயினை நகர்த்தும் கருவியும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். பிடி இழுக்கும் கம்பியின் நீளம் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும்.

இவற்றை எந்த வரிசையில் செய்வது? முதலில் சட்டத்தைக் கழுவித் துடைத்து, இணைப்புகளில் பெயிண்ட் கோடுபோல் வெடித்திருக்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு காசும் செலவிட வேண்டாம். இல்லையெனில் மூட்டுகள், பிரேக், டயர். அதன் பின்னரே கியர். எல்லாவற்றுக்கும் கடைசியில் போர்க்கும் ஷாக்கும். கண்ணைக் கவரும் உறுப்பை முதலில் வாங்கி, அதற்கேற்பச் சட்டத்தை வருத்துவோரே பணத்தை இழக்கின்றனர்.

உறுப்புகளின் மொத்த விலை நல்ல புதிய வண்டியின் விலையில் பாதியைத் தாண்டுமானால், பழையதை விட்டுவிடுவதே நலம். அப்போதும் எதுவும் வீணாவதில்லை. நல்ல ஹப்பும் பல்சக்கரமும் வேறொரு வண்டிக்கு ஆகும். விரிசல் விட்ட அலுமினியச் சட்டம் தாராவியின் உலைகளில் உருகி வேறு பொருளாகும்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில் எதையும் எளிதில் எறிவதில்லை. பழையதைப் போற்றும் அக்குணம் நல்லது. ஆனால் போற்றுவதற்குமுன் அளந்து பார்ப்பதும், தாங்காது என்று அறிந்தபின் விட்டுவிடுவதும் அக்குணத்தின் பகுதியே ஆகும். அந்த அளவுகோலைக் கையில் கொண்டால், மாடிப்படியின் அடியில் கிடக்கும் வண்டி அடுத்த மழைக்காலம் கழிந்ததும் ஒரு பிள்ளையை நலமாகக் கல்லூரிக்குக் கொண்டு சேர்க்கும்.