சர்வகலாசாலையின் வாசலிலும் சில வினாக்கள்



ரவீந்திர ஜெயின் என்னும் மானிடவியலார் மலாயாத் தோட்டமொன்றில் தங்கி, துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் கட்டுண்டு பால்மரம் வெட்டிய நம் தமிழர் வாழ்வை ஆராய்ந்து 1970இல் நூலாக்கினார். அவரையன்றியும் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசல்களுக்கு வினாத்தாள் ஏந்தி வந்த கல்விமான்கள் பலர். கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, மேலாளை மறுத்துப் பேச இயலுமா என்றெல்லாம் வினவினர். நம் முன்னோரும் ஒளிவுமறைவின்றி விடையளித்தனர். அதே வினாக்களைத் தாம் ஊதியம் பெறும் சர்வகலாசாலையை நோக்கியும் கல்விமான்கள் எழுப்புதல் வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

அவ்வாறு தம் வர்க்கத்தையே வினவியவர் உண்டு. சமூகவியலார் சையத் உசேன் அலதாஸ் சிங்கப்பூர்ச் சர்வகலாசாலையில் மலாய்க் கல்வித் துறைக்குத் தலைமை தாங்கிய நாட்களில், 1972இலும் 1974இலும் எழுதிய கட்டுரைகளில், மேல்நாட்டார் வகுத்த பிரச்சினைகளையும் முறைகளையும் ஐயமின்றித் தமதாக்கிக்கொள்ளும் ஆசிய அறிஞரின் உள்ளத்தைச் சிறைப்பட்ட மனம் என்று வர்ணித்தார். அவர் சுட்டியது தம்மையொத்த ஆசிரியர் வர்க்கத்தையே என்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது. பாரிஸ் நகரப் பேராசிரியர்களின் அதிகாரத்தை 1984இல் ஆராய்ந்த பிரெஞ்சுச் சமூகவியலார் பியேர் பூர்தியூ, தம் நூல் எரிக்கத்தக்கதோ என்ற வினாவையே முதல் அத்தியாயத்தின் மகுடமாக இட்டார். பதவி உயர்வை நிர்ணயிப்பவரே ஆராய்ச்சிப் பொருளாகும்போது, எழுதுகிறவன் கை நடுங்குவது இயல்பே; நம் மலேசியாவிலோ 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டமும் அந்த அச்சத்துக்குத் துணைநின்றது.

சர்வகலாசாலையை இவ்வாறு வினவ நமக்கென்ன உரிமை என்பீர்களானால், 1956இல் மலாயாச் சர்வகலாசாலையில் இந்தியக் கல்வித் துறை தோன்றிய காலத்தை நினைவுகூருங்கள். அங்கே தமிழ் இடம்பெறவேண்டுமென வாதாடிய தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, ஏழை உழைப்பாளரும் தம் வியர்வையின் பங்கை ஈந்தனர். அந்த ஈகையைக் காட்டிலும் மேலான உரிமைப் பத்திரம் உண்டோ?

வினவவேண்டிய இடமும் தொலைவில் இல்லை. துன் உசேன் ஓன் பெயர் தாங்கும் சர்வகலாசாலை, நம் பத்து பகாட் மாவட்டத்துப் பாரிட் ராஜாவிலேயே இருக்கிறது. அங்கும் பிறவிடங்களிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள், ஆண்டுக்காண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமோ என்றிருக்கும் விரிவுரையாளரையும், வகுப்பறைகளைக் கூட்டும் மாதரையும், இரவுக் காவலரையும், இவர்களோடு துறைத் தலைவரையும் ஒரே சிரத்தையுடன் வினவி, கண்டதைத் தமிழிலும் எழுதி, அடுத்த ஆண்டு இதே மேடையில் வாசித்தளிக்க வேண்டுகிறேன்.