வெட்டுக்கத்தி பிடித்த கை வீட்டுக்கும் உதவட்டும்

(தோட்டக் கிளைச் சங்கக் கூட்டத்தில் கிராணி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கூலி உயர்வும் வீட்டு வசதியும் பேசும் இம்மேடையில் இன்று ரம்புத்தான் மரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம். இதிலும் நம் உழைப்பின் கணக்கு இருக்கிறது.

நம் தாயார் லயத்தின் பின்புறத்தில் ஒரு ரம்புத்தான் கொட்டையை நட்டார். ஆறு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றினோம். ஏழாம் ஆண்டு மரம் கிளை கொள்ளாமல் பூத்தது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. அது ஆண் மரம்! கொட்டையில் முளைக்கும் ரம்புத்தானில் ஏறத்தாழப் பாதி ஆணாகப் போவது இயற்கை. பெண் மரமே வாய்த்தாலும் தாய்ப் பழத்தின் ருசி வரும் என்ற உறுதி கிடையாது.

இதில் வெட்கம் என்னவென்றால், அதே ஆண்டுகளில் தோட்டத்து நாற்றுமேடையில் எத்தனை ஒட்டுப் பிடித்தது என்று கணக்கு எழுதியது நம் கைதான். ரப்பருக்கு ஒட்டுக்கட்டும் முறையை 1910-களில் ஜாவா, சுமத்திராத் தீவுகளில் டச்சுக்காரர்கள் வகுத்தார்கள். 1925-இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. அது தந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகத்தை அறியாத பால்வெட்டாளர் உண்டா? தோட்டத்துக்கு நல்ல கண்ணாகத் தேடி ஒட்டிய நாம், நம் பிள்ளைகளுக்கு வெறும் கொட்டையை நட்டோம்!

தோழர்களே! பால் வெட்டத் தெரிந்தவருக்கு ஒட்டுக்கட்டுவது பெரிய வித்தையன்று. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழப்பான மெல்லிய படலம் இருக்கிறது. பால் வெட்டும்போது கத்தி அதைத் தொட்டால் மரத்தில் காயம். தண்டலின் ஏச்சு நமக்கு. ஒட்டுக்கட்டும்போதோ அந்தப் படலத்தைத்தான் தேடிப் போகிறோம். மரத்தின் வளர்ச்சி அங்கேதான் நடக்கிறது.

கொட்டையில் முளைத்த கன்று விரல் பருமன் ஆகட்டும். பட்டை எளிதில் உரியும் ஈரமான பருவத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு நெடுங்கீறலும் ஒரு குறுக்குக் கீறலும் போட்டுப் பட்டையை நாக்குப்போல் உரியுங்கள். நன்றாகக் காய்க்கும் மரத்தின் குச்சியில், 'அனாக் செக்கோலா' ரகம் கிடைத்தால் நல்லது, இலைக்காம்பு இருந்த இடத்தில் உறங்கும் கண்ணைப் பட்டையோடு எடுங்கள். கட்டை ஒட்டியிருக்கக் கூடாது. உட்புறத்தை விரலால் தொடக் கூடாது. உடனே பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மழைநீர் உள்ளே இறங்காது.

மூன்று வாரம் கழித்து அவிழ்த்து நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் மறுபக்கம் இன்னொரு கண் வையுங்கள். பிடித்த பின், ஒட்டுக்கு மேலே உள்ள தண்டை அறுத்துவிடலாம். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை மட்டும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் பழைய கன்றே மேலோங்கிவிடும். ரம்புத்தானுக்கு ரம்புத்தான், டுரியானுக்கு டுரியான் என்று இனம் பார்த்து ஒட்டுங்கள்.

நம் வீட்டு ஆண் மரம் என்னவாயிற்று? விறகுக்கு வெட்டச் சொன்னார் தாயார். நாம் இடுப்பு உயரத்தில் அறுத்தோம். அடிமரம் துளிர்த்தது. துளிர்கள் விரல் பருமன் ஆனதும் மூன்றில் கண் வைத்தோம், இரண்டு பிடித்தன. மூன்றாம் ஆண்டு பழம் பறித்துத் தாயார் கையில் கொடுத்தோம். "ஏம்பா, இதை அப்பவே செஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். பதில் சொல்ல நமக்கு வாயில்லை.

லயத்து வீடு வேலை உள்ளவரைதான். ஓய்வு பெற்றாலோ தோட்டம் கைமாறினாலோ மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஒரு முழக் குச்சியை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போகலாம். அதில் நாலைந்து கண்கள் இருக்கும். நாள் கடத்தாமல் ஒட்டினால் அதே மரம் புது மண்ணில் எழும்.

ஆகவே, நாற்றுமேடைத் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் இளைஞர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டுகிறோம். சொந்த வீட்டுக்கு நிலம் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் கைவிடப் போவதில்லை. அந்த நிலம் கிடைக்கும் நாளில், நடுவதற்கு நல்ல ஒட்டுக்கன்றும் நம் கையில் இருக்கட்டும்!