தன்மூச்சுக்குப் பழக்குதல்: ஒரு கலைச்சொல் பற்றி



இதய அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் குடும்பத்தாரிடம், "மெஷினை எடுத்துவிடப் போகிறோம்" என்று சொன்னால் அவர்கள் என்ன பொருள் கொள்வர்? நோயாளி தேறிவருகிறார் என்பதற்கும் இத்தொடர் வழங்குகிறது. இனி நம்பிக்கை இல்லை என்பதற்கும் இதுவே வழங்குகிறது. கலங்கி நிற்பவர் இரண்டாவதையே எண்ணுவார். குறை அவரிடம் இல்லை, சொல்லில் உள்ளது.

நிகழ்வது என்ன? அறுவையின்போது மயக்கமருந்தும் தசைத்தளர்வு மருந்தும் தரப்படுவதால் வெண்டிலேட்டரே மூச்சை நடத்துகிறது. பின்னர் உடல்வெப்பம் மீண்டு, இரத்தக்கசிவு குறைந்து, இரத்த அழுத்தம் நிலைப்பட்டு, நோயாளி கண்விழித்ததும் கருவியின் துணையைக் குறைப்பர். பொதுவாக 30 நிமிட அளவு, மிகக் குறைந்த துணையுடன் அவரே மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பர். மூச்சு விரைவாகவும் மேலோட்டமாகவும் இருந்தால் துணையை மீண்டும் கூட்டுவர். சிக்கலற்ற அறுவையாயின் 6 மணி நேரத்திற்குள் குழாயை அகற்றுவது இன்று பரவலான இலக்கு.

ஆங்கிலத்தில் இதற்கு 'வீனிங்' என்று பெயர். குழந்தைக்குப் பால் மறக்கடித்தலைக் குறிக்கும் சொல் அது. அதன் பழைய வேர்ப்பொருளோ 'பழக்குதல்'. இங்கே நம் இலக்கணம் கைகொடுக்கிறது. 'பழகு' தன்வினை, 'பழக்கு' பிறவினை. மருத்துவர் பழக்குகிறார், நோயாளி பழகுகிறார். ஆகவே, 'தன்மூச்சுக்குப் பழக்குதல்' என்னும் தொடரை முன்மொழிகிறேன். 'கருவி நீக்கம்' என்பது எடுக்கப்படுவதைச் சொல்கிறது. இது தொடங்குவதைச் சொல்கிறது. துணை மீண்டும் கூட்டப்பட்டாலும் அது தோல்வியாகத் தோன்றாது. பழக்கம் ஒரே நாளில் வருவதில்லையன்றோ?

இன்னொன்று. சுவாசக் குழாய் குரல்நாண்களுக்கு இடையே செல்வதால் நோயாளியால் பேச இயலாது. விழித்தபின் கேட்க இயலும். "கையை அழுத்துங்கள், தலையைத் தூக்குங்கள், இருமுங்கள்" என்ற கட்டளைகளுக்கு அவர் இணங்குவதை வைத்தே விழிப்பை அளக்கின்றனர். தமிழ் மட்டுமே அறிந்த முதியவரிடம் அவற்றை வேறு மொழியில் சொன்னால், புரியாமை சுயநினைவின்மையாகக் கணிக்கப்படக்கூடும்.

உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தும் துயரமான முடிவை அதற்குரிய தெளிவான சொற்களால் கூறுவோம். தேறிவருபவரின் வீட்டாரிடம், "அவரைத் தன்மூச்சுக்குப் பழக்குகிறோம்" என்போம். நம் மருத்துவமனைகளில் பணியாற்றும் தமிழ்ச் செவிலியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் இத்தொடரைச் சொல்லிப் பார்க்க வேண்டுகிறேன். வழக்கில் நிலைத்தால்தான் அது கலைச்சொல்.