வீட்டைப் பழுது பார்க்க யாரைக் கூப்பிடுவது?

(வீடு பழுது பார்க்கக் கடன் கேட்டிருக்கும் உறுப்பினர்களுக்காகக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீடு பழுது பார்க்க என்று வருகிற கடன் மனுக்களை நாங்கள் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கிறோம். எவ்வளவு பணம் வேணும், எத்தனை தவணையில் கட்டுவோம் என்பதெல்லாம் சரியாக எழுதியிருக்கும். வேலையை யார் செய்யப் போறாங்க என்று கேட்டால் மட்டும், "நம்ம ஊரு கொத்தனாரு இருக்காருல்ல, பார்த்துக்கலாம்" என்று பதில் வரும். இன்று அந்தப் 'பார்த்துக்கலாம்' பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஏனென்றால் கடன் நம் பேரில் இருக்கு. பூசின பூச்சு முதல் மழையிலேயே பெயர்ந்து விழுந்தாலும் தவணை நிற்காது. மாடு வாங்கி அது சரியில்லை என்றால் விற்றுவிடலாம். ஒழுகுகிற கூரையை யாரிடம் விற்பது? அதனால் சிமெண்ட் விலை விசாரிக்கிறதுக்கு முன்னாடி ஆளை விசாரிக்க வேண்டும்.

எந்த வேலைக்கு எந்த ஆள்?

நம்மில் பல பேர் தொகுப்பு வீட்டில் இருக்கிறோம். இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-86-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளுக்கு இன்று முப்பது, நாற்பது வயது ஆகிறது. மேல்தளத்தில் காரை பெயர்ந்து, உள்ளே கம்பி தெரிகிற வீடுகள் நிறைய.

இது ஏன் வருகிறது? மழைத்தண்ணீர் காங்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி சுற்றி இருக்கிற காங்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். இதற்கு மேல் வெறும் சிமெண்ட் பூசினால் துரு உள்ளேயே வேலை செய்யும், மறுபடியும் பெயரும். முதலில் மேலிருந்து தண்ணீர் இறங்குவதை நிறுத்த வேண்டும். பிறகு ஆடுகிற காரையைத் தட்டி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்த்து, அதன் பிறகுதான் பூச வேண்டும். எவ்வளவு மெலிந்திருக்கிறது, தளம் தாங்குமா என்று சொல்ல வேண்டியவர் சிவில் படித்த பொறியாளர். கொத்தனார் அதைச் செய்து முடிப்பவர். இரண்டும் வேறு வேறு வேலை.

எனவே மூன்று விஷயங்களுக்குக் கட்டாயம் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கம்பி தெரிந்தால், சுவரில் வெடிப்பு வளர்ந்தால், சுவரை இடித்து அறையைப் பெரிசாக்கவோ மேலே ஒரு அறை எடுக்கவோ நினைத்தால். தொகுப்பு வீட்டில் பெரும்பாலும் தளத்தைத் தாங்குவது சுவர்தான். அதில் ஒரு சுவரை எடுக்கலாம் என்று வாய்ப்பேச்சில் யார் சொன்னாலும் கேட்காதீங்க.

வெடிப்பு வளருதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கு. வெடிப்பின் குறுக்கே ஒரு காகிதத்தை இறுக்கமாக ஒட்டி, அன்றைய தேதியை எழுதி வையுங்கள். கொஞ்ச நாளில் காகிதம் கிழிந்தால் சுவர் நகருகிறது என்று அர்த்தம். அதைப் பொறியாளரிடம் காட்டுங்கள். தளத்தைக் கம்பால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பொத்தல் சத்தம் கேட்கிற இடத்துக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்க விடாதீங்க.

பொறியாளருக்குப் பணம் கொடுக்கணுமே என்று தயங்க வேண்டாம். ஒரு தடவை வந்து பார்த்து, என்ன செய்யணும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் இருந்தால் எல்லா கொத்தனாரிடமும் ஒரே வேலைக்கு விலை கேட்கலாம். ஒரே தெருவில் நாலைந்து வீடு இருந்தால் சேர்ந்து கூப்பிட்டு, செலவைப் பகிர்ந்து கொள்ளுங்கள். அரசுத் திட்ட வீடு என்றால் முதலில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளரையும் ஓவர்சீயரையும் பாருங்கள். 2000-01க்கு முன்பு அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளைச் சீரமைக்கத் தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு திட்டம் அறிவித்தது. உங்கள் வீட்டுக்கு எதாவது உதவி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு அப்புறம் கடன் வாங்குங்கள்.

கரண்டு வேலைக்கு வயர்மேன் லைசென்ஸ் உள்ளவர்தான் வர வேண்டும். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுத்த சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எர்த் போடுவாரா, கசிவு வந்தால் தானாகக் கரண்டை நிறுத்துகிற கருவி வைப்பாரா என்று கேளுங்கள். ஈரச் சுவர் உள்ள வீட்டில் இது உயிர் விஷயம்.

நல்ல கொத்தனாரை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு வெளியே எங்கும் போக வேண்டாம். நம்ம குழுக்களிலேயே சித்தாள் வேலைக்குப் போகிற அக்கா தங்கச்சிங்க இருக்காங்க. எந்த மேஸ்திரி மணலைச் சலிக்கச் சொல்வார், எவர் கலவையில் கை வைப்பார், எவர் மதியத்துக்கு மேல் வேற வேலைக்கு ஓடிவிடுவார் என்று அவங்களுக்குத் தெரியும். கலவையைச் சுமந்தவங்களை விட நல்ல சாட்சி யாரு? குழுக் கூட்டத்தில் அவங்களைப் பேசச் சொல்லுங்கள். பேர் சொல்லத் தயங்கினால் தனியாகக் கேளுங்கள், அவங்க பிழைப்பு கெடக்கூடாது.

அடுத்தது, அவர் வேலை பார்த்த மூன்று வீடுகளைப் போய்ப் பாருங்கள். ஒன்று, இரண்டு மழைக்காலம் தாண்டிய வீடு. ஒன்று, சமீபத்தில் முடிந்த வீடு. இன்னொன்று, இப்போது வேலை நடக்கிற வீடு. முடிந்த வீட்டில் அந்த வீட்டு அம்மாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "சொன்ன நாளில் வந்தாரா? பேசினதுக்கு மேல பணம் கேட்டாரா? ஒழுகினப்போ கூப்பிட்டா திரும்பி வந்தாரா?" மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம்.

வேலை நடக்கிற வீட்டில் கண்ணால் பாருங்கள். மணலைச் சலிக்கிறாரா? எம்-சாண்டா, கிரஷர் தூசியா? சிமெண்ட் தண்ணீர் பட்ட அரை மணி நேரத்திலிருந்தே இறுக ஆரம்பிக்கும். காலையில் குழைத்த கலவையில் மதியம் தண்ணீர் ஊற்றி மறுபடி கிளறுகிற ஆளை வேண்டாம் என்று விடுங்கள். நேற்றுப் பூசின சுவர் ஈரமாக இருக்கா என்று தொட்டுப் பாருங்கள். பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். காங்கிரீட்டுக்கு, இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கிற பி.பி.சி. சிமெண்ட் என்றால் 10 நாளாவது வேண்டும்.

சொந்தக்காரர் என்றால்?

இதுதான் கஷ்டமான இடம். மாமன் மகனோ, நாத்தனார் வீட்டுக்காரரோ கொத்தனாராக இருப்பார். "வெளி ஆளைக் கூப்பிட்டா என் மரியாதை என்ன ஆவது?" என்பார். வேலை நல்லா இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். இல்லை என்றால் நம்மால் வாய் திறந்து சொல்ல முடியாது.

இதற்குத்தான் குழு இருக்கு. மூன்று பேரிடம் விலை வாங்கி, வேலையைப் பார்த்துத்தான் வீட்டுக் கடன் என்று தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு, "அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல, குழு விதி அப்படி. நீங்களும் ஒரு விலை கொடுங்க" என்று சொல்லலாம். உறவும் கெடாது, வீடும் கெடாது.

கூலி பேசுவது

பழுது வேலையில் தட்டி எடுத்த பிறகுதான் உள்ளே எவ்வளவு கெட்டிருக்கு என்று தெரியும். அதனால் எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசினால் ஒன்று அவர் நஷ்டப்பட்டு அவசரமாக முடிப்பார், இல்லை நாம் கூடுதலாகக் கொடுப்போம். தட்டி எடுக்கிற வேலையை நாள் கூலிக்கும், பூச்சு, தளம் போடுகிற வேலையைச் சதுர அடிக் கணக்குக்கும் பேசுவது நல்லது. சதுர அடியை வேலை முடிந்ததும் இருவரும் டேப் பிடித்து அளக்க வேண்டும்.

சாமான் நாமே வாங்குவது நல்லது. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், தயாரித்த வாரமும் மூட்டையில் இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழையது வேண்டாம். கம்பியை எடை போட்டு வாங்குங்கள். 12 மீட்டர் நீளமுள்ள 8 மில்லி கம்பி ஏறக்குறைய 4.7 கிலோ, 10 மில்லி 7.4 கிலோ இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் கம்பி மெலிசு.

பணத்தை முன்னாடி தூக்கிக் கொடுக்காதீங்க. உதாரணத்துக்கு, கூலி 40,000 ரூபாய் என்று வையுங்கள். அட்வான்ஸ் 4,000. தட்டி எடுத்துக் கம்பி வேலை முடிந்ததும் 12,000. பூச்சு முடிந்ததும் 14,000. தளத்தின் மேல் வேலை முடிந்ததும் 6,000. மீதி 4,000 ஒரு நல்ல மழை பெய்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில் பிடித்து வைத்தால் சண்டை வரும். அதேபோல வேலை முடிந்த கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள். அவர் வீட்டிலும் அடுப்பு எரியணும்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். என்ன வேலை, என்ன விலை, எந்த நாளில் முடிப்பார், எப்போது எவ்வளவு பணம், ஒழுகினால் யார் பொறுப்பு. இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. கொடுக்கிற ஒவ்வொரு பணத்துக்கும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வீடு கட்டித் தருவதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைதான். ஏமாற்றம் நடந்தால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கு. ஆனால் அங்கே கேட்கிற முதல் கேள்வி, "எழுதி வாங்கினீங்களா?" என்பதுதான்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் இரண்டு வேலை செய்ய வேண்டுகிறோம். ஒன்று, மூன்று விலை விதியைத் தீர்மானமாக எழுதுங்கள். இரண்டு, உங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் உள்ள நல்ல கொத்தனார், வயர்மேன், ஆசாரி, பொறியாளர் பேர்களை, யார் வீட்டு வேலையைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்பதோடு எழுதிக் கொண்டு வாருங்கள். சேர்த்து ஒரே பட்டியலாக எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புவோம். பணத்தைக் கணக்குப் பார்த்துச் சேர்க்கத் தெரிந்த நமக்கு, வேலையைக் கணக்குப் பார்த்து வாங்கவும் தெரியும்.