பக்கத்தில் உட்கார ஒருவர்

(ராயகிரியில் மழலையர் கல்வி ஆசிரியர்களுக்கான பட்டமளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று பட்டம் வாங்கும் உங்களில் பெரும்பாலோர் இன்னும் சில மாதங்களில் ஓர் அறைக்குள் தனியாக நிற்கப் போகிறீர்கள். அது அங்கன்வாடியாக இருக்கலாம், அரசுப் பள்ளி எல்.கே.ஜி.யாக இருக்கலாம், சங்கரன்கோவிலிலோ ராஜபாளையத்திலோ ஒரு நர்சரிப் பள்ளியாகவும் இருக்கலாம். கதவைத் திறந்தால் இருபது பிள்ளைகள். ஒன்று அழும், ஒன்று ஓடும், ஒன்று உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. நீங்கள் செய்வது சரியா என்று சொல்ல இன்னொரு ஆசிரியர் அங்கே இருக்கமாட்டார். ஆயா இருப்பார், அவருக்கு அடுப்பு வேலை இருக்கும். இந்தத் தனிமையைப் போக்குவது பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் இந்த மையங்களை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டின் ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். இவையெல்லாம் பசியைக் கண்டு பிறந்த திட்டங்கள். ஆகவே சத்துமாவும் முட்டையும் எடைக் கருவியும் முன்னால் வந்தன; பாட்டும் கதையும் பின்னால் நின்றன. அன்றைக்கு அதுதான் நியாயம். ஆனால் இன்றும் மேற்பார்வையாளர் மையத்துக்கு வந்தால் என்ன பார்க்கிறார்? பதிவேடு, மாவு இருப்பு, முட்டைக் கணக்கு, போனில் போஷன் டிராக்கர் செயலி. சுமார் 25 மையங்களைக் கவனிக்க வேண்டியவர் அவர். இவ்வளவையும் சரிபார்த்து முடிக்கவே மதியம் ஆகிவிடும். டீச்சர் பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க நேரம் மிஞ்சுவதில்லை.

கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டோஃபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் நம் மாநிலத்திலேயே, நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநேர ஆசிரியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதங்களில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அதோடு நிற்கவில்லை: வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. ஏற்கெனவே இருந்த பணியாளருக்குச் சத்துணவையும் உடல்நலத்தையும் கவனிக்கக் கை ஒழிந்ததுதான் காரணம். ஓர் அறையில் இரண்டாவதாக ஒரு மனிதர் நிற்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

ஆள் சேர்ந்தால் நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பது அடுத்த கேள்வி. அதற்கு நாம் வைத்திருக்கும் பதில் பயிற்சி முகாம். மண்டபத்தில் கூட்டி, திரையில் படம் காட்டி, கையேடு கொடுத்து அனுப்புகிறோம். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று நம் மாநிலம் உருவாக்கிய பாடத்திட்டம் நல்ல பாடத்திட்டம். கருப்பொருள் வாரியாகப் பாட்டும் கதையும் விளையாட்டும் அதில் இருக்கின்றன. ஆனால் கையேட்டைக் கையில் வைத்திருப்பது வேறு, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றப் பத்தொன்பது பிள்ளைகளுக்குக் கதை சொல்வது வேறு. சங்கரன்கோவிலில் தறி ஓட்டத் தெரிந்த யாரும் மண்டபத்தில் உட்கார்ந்து அதைக் கற்கவில்லை. ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் நின்று, அறுந்த நூலை இன்னொருவர் முடிவதைப் பார்த்து, தன் கையால் முடிந்து கற்றார்கள். ஆசிரியருக்கும் அப்படிப் பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும். ஆசிரியரின் வகுப்பிலேயே உட்கார்ந்து பார்த்து, பேசி, மறுபடி வந்து பார்க்கும் இந்த முறை பற்றி வந்த 60 ஆய்வுகளை மேத்யூ கிராஃப்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2018இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கற்பிப்பும் மேம்படுகிறது, பிள்ளைகளின் கற்றலும் மேம்படுகிறது என்று தெரிந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். அப்படிப் பக்கத்தில் உட்காருபவர் இங்கே முதலில் கவனிக்க வேண்டியது மொழி. இந்த மண்ணில் ஒரே ஒரு மொழி மட்டும் எப்போதும் இருந்ததில்லை. ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு. சுற்றுவட்டாரத்து நாயக்கர், ரெட்டியார், அருந்ததியர் வீடுகள் பலவற்றிலும் தெலுங்கு. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 அன்றுதான் நம்மோடு சேர்ந்தது. மலையடிவாரத்தில் பளியர் பிள்ளைகள் வேறு சாயலில் பேசும் தமிழ். இப்போது வேலை தேடி வந்த குடும்பங்களோடு இந்தியும் ஒடியாவும் வந்து சேர்ந்திருக்கின்றன. உங்கள் வகுப்புக்கு வரும் மூன்று வயதுப் பிள்ளை எந்த மொழியில் தூங்க வைக்கப்பட்டது என்று பதிவேட்டில் இருக்காது.

இந்தப் பக்கத்து மையம் ஒன்றில் வகுப்பைப் பார்க்க நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மாட்டின் படத்தைக் காட்டி, “இது என்ன?” என்றார். நாலு வயதுப் பெண் பிள்ளை துள்ளி எழுந்து, “ஆவு” என்றாள். “ஆவு இல்ல, மாடு. எங்க சொல்லு, மாடு.” பிள்ளை “மாடு” என்றாள், உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு சாப்பாடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. அந்த டீச்சர் அன்பானவர், உழைப்பாளி. பிள்ளைகளை அதட்டிக்கூடப் பேசமாட்டார். பிள்ளைகள் தூங்கியதும் மெதுவாகக் கேட்டேன். “டீச்சர், அந்தப் பிள்ளைக்கு மாடு எதுன்னு தெரியுமா, தெரியாதா?” கொஞ்சம் யோசித்தார். “தெரியும் மேடம். அவ வீட்டுப் பேச்சுல சொல்லிட்டா.” “உங்களுக்குத் தெலுங்கு புரியுமா?” சிரித்துவிட்டார். அவர் வீட்டுப் பேச்சும் தெலுங்குதான். மையத்தில் அதைப் பேசக் கூடாது என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி எந்த உத்தரவும் கிடையாது. 2013இல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கையே வீட்டு மொழியில் தொடங்கச் சொல்கிறது.

மறுநாள் அதே படத்தை எடுத்தார். “நேத்து ஆவுன்னு சொன்னியே, ஆமா, ஆவுதான். தமிழ்ல மாடு. உங்க வீட்டு மாடு என்ன திங்கும்?” அவ்வளவுதான். பிள்ளை தெலுங்கும் தமிழும் கலந்து கொட்டித் தீர்த்துவிட்டாள்: கன்றுக்குட்டி, தொழுவம், தவிட்டுத் தண்ணீர், பால் கறக்கும்போது பக்கத்தில் போனதற்கு அம்மா திட்டியது. இடையிடையே டீச்சர் அதே விஷயத்தைத் தமிழில் நீட்டிச் சொன்னார். பிள்ளை அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டாள். முந்தின நாள் ஒரு சொல்லோடு முடிந்த பேச்சு அது.

இதற்குப் பணம் செலவாகவில்லை, புதிய கருவி எதுவும் வரவில்லை. டீச்சரிடம் இருந்த மொழியை அவரே வெளியே எடுத்தார். ஒரு மணி நேரம் பார்க்கவும் ஒரு கேள்வி கேட்கவும் ஒருவர் தேவைப்பட்டார். இரண்டு மொழி தெரிந்த ஆசிரியருக்கு நாம் கொடுக்க வேண்டிய முதல் உதவி, அந்த இரண்டாவது மொழி சுமையல்ல, அவருடைய பலம் என்று அவரை நம்பவைப்பது.

வீட்டில் தெலுங்கு பேசினால் தமிழ் வராது என்று பெற்றோர் யாராவது உங்களிடம் கவலைப்பட்டால், கி. ராஜநாராயணனைப் பற்றிச் சொல்லுங்கள். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். கரிசல் தமிழுக்கு வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தவர் அவர்தான். 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்ய அகாடமி விருது பெற்றார். இரண்டு மொழியும் ஒரு நெஞ்சில் சண்டையில்லாமல் குடியிருக்கும்.

பிள்ளையிடமும் ஆசிரியரிடமும் ஏற்கெனவே இருப்பதை வைத்துத் தொடங்கும் இந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள். 1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மாண்டிசோரி வழியைக் கிராமத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள் தாராபாய் மோதக், அனுதாய் வாக் என்ற இரண்டு பெண்கள். 1945இல் மகாராஷ்டிரத்துப் போர்டியில் தொடங்கி, பிறகு கோஸ்பாட் மலைக்குப் போனார்கள். விலை உயர்ந்த கருவிகளுக்குப் பதிலாக விதையும் கூழாங்கல்லும் இலையும் பாடப்பொருளாயின. பிள்ளைகள் மையத்துக்கு வராவிட்டால் மையம் வார்லி பழங்குடியினரின் வீட்டு முற்றத்துக்கே போனது. அனுதாய் வாக் இளவயதிலேயே கணவரை இழந்தவர். படிக்கத் தடை இருந்த காலத்தில் படித்து ஆசிரியர் ஆனவர். உங்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அவரைப் பற்றித் தேடிப் படியுங்கள். ஒடிசாவில் 2006 முதல் சாந்தாலி, சவரா, குயி, கோயா உள்ளிட்ட பத்துப் பழங்குடி மொழிகளில் பள்ளிப் படிப்பைத் தொடங்கினார்கள். அந்தந்த மொழி பேசும் உள்ளூர் இளைஞர்களே ஆசிரியர் ஆனார்கள்.

பிள்ளையின் மொழி உங்களுக்குத் தெரியாவிட்டால்? ஒடியா பேசும் பிள்ளை வந்தால்? அம்மாவிடம் பத்துச் சொற்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தண்ணீர், பசி, வலி, வா, பயப்படாதே. ஒரு தாலாட்டைப் போனில் பதிவு செய்யுங்கள். அதிலிருந்து தொடங்கலாம்.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் வேன் வைத்துப் பிள்ளையை நர்சரிப் பள்ளிக்கு அனுப்புவது அதற்காகத்தான். அரசும் 2019 ஜனவரியில் 2,381 நடுநிலைப் பள்ளி வளாகங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. பெற்றோரின் ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது பிள்ளையின் மேல் வைத்த நம்பிக்கை. ஆங்கிலப் பாட்டுப் பாடுங்கள், விளையாட்டுச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் காரணம் கேட்பது, கதையை நீட்டுவது, கோபத்தைத் தணிப்பது எல்லாம் உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் நடக்க வேண்டும். தயங்கித் தயங்கி வரும் ஆங்கிலத்தில் ஆசிரியர் பேசினால் அவர் கட்டளை மட்டுமே கொடுப்பார்: ‘சிட்’, ‘ஸ்டாண்ட்’, ‘கீப் கொயட்’. மூன்று வயதில் பிள்ளைக்கு உரையாடல் வேண்டும்.

உங்களில் சிலர் நாளை மேற்பார்வையாளர் ஆவீர்கள். அன்று நினைவில் வையுங்கள். வகுப்பைப் பார்க்கப் போகும் நாளில் பதிவேட்டைத் தொடாதீர்கள். நாற்காலி கேட்காதீர்கள், பாயில் உட்காருங்கள். ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டீச்சர் கேள்வி கேட்டபின் பதிலுக்கு எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பது போதும். பார்த்ததைச் சொல்லுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆயா முன்னாலும் பெற்றோர் முன்னாலும் வேண்டாம். பார்த்ததை அறிக்கையாக மேலே அனுப்பாதீர்கள். ஒரு தடவை அனுப்பினால் அடுத்த தடவை நீங்கள் பார்க்கப் போவது நாடகம். முக்கியமாக, மறுபடி போங்கள். ஒரே தடவை போய்விட்டு வருவதற்குப் பெயர் தணிக்கை. கணக்குப் பார்ப்பவரும் கூட இருந்து பழக்குபவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். இரண்டையும் அரசு பிரிக்க வேண்டும். நான் முன்பு சொன்ன 60 ஆய்வுகளும் ஓர் எச்சரிக்கை தருகின்றன: திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் மெலிகிறது. 54,000 மையங்களுக்கு ஒரே நாளில் உத்தரவு போட்டு இதைச் செய்ய முடியாது. ஒரு வட்டாரத்தில் நன்றாகச் செய்து காட்டலாம்.

அந்த வட்டாரம் வாசுதேவநல்லூர் ஒன்றியமாக ஏன் இருக்கக் கூடாது? உங்கள் முதல்வர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. இன்று பட்டம் பெறும் மாணவியரை ஊர்வாரியாக மூன்று மூன்று பேராகச் சேர்த்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு மாதம் ஒரு நாள் ஒருவர் வகுப்பில் மற்ற இருவரும் போய் உட்காரட்டும். அதற்கு விடுப்பும் அனுமதியும் பெற்றுத்தர மாவட்ட நிர்வாகத்திடமும் தனியார் பள்ளி நிர்வாகிகளிடமும் நான் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். பெயர்ப் பட்டியலை இந்த மேடையைக் கலைப்பதற்குள் எழுதத் தொடங்கலாம். முதல் மாதம் நானும் வருகிறேன். எந்த மையம், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.