வினாக்களின் நடுவே ஜோன்



போர்க்களத்தில் புகழ் பெற்ற பெண்ணொருத்தியைப் பற்றிய படம் என்றால், குதிரைப் படைகளையும் கோட்டை முற்றுகைகளையும் எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட படத்தில் போர்க்களமே இல்லை. டென்மார்க் நாட்டவரான கார்ல் தியோடர் டிரையர் பிரான்சில் எடுத்து, 1928ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ என்னும் மௌனப் படமே அது.

ஜோனின் சரித்திரம் நீங்கள் அறிந்ததே. டோம்ரெமி என்னும் சிற்றூரில் பிறந்த குடியானவர் மகள். வானோர் குரல் தன்னை ஏவுவதாகக் கூறிப் புறப்பட்டு, 1429இல் ஓர்லேயான் நகரை ஆங்கிலேயர் முற்றுகையினின்றும் மீட்ட படையில் முன்னின்றாள். மறு ஆண்டு பகைவர் கையில் சிக்கினாள். 1431இல் ரூவான் நகரில் ஆயர் பியேர் கொஷோன் தலைமையில் சமய நீதிமன்றம் அவளை விசாரித்தது. மாதக்கணக்கில் நடந்த அவ்விசாரணையை ஒரே நாளின் நிகழ்ச்சிபோலச் சுருக்கிக் காட்டுகிறார் டிரையர்.

வினாக் கேட்பதையே பல்லாண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு, அந்த மண்டபம் ஒரு தேர்வுக் கூடமாகவே தோன்றிற்று. பிள்ளை அறிந்திருப்பதை வெளிக்கொணர்வதற்கே வினா என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ரூவானில் கூடிய கல்விமான்களோ வினாவைக் கண்ணியாக வைக்கின்றனர்.

வயது என்னவென்று கேட்கிறார்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, பத்தொன்பது இருக்கலாம் என்கிறாள் எழுத்தறியாத அப்பெண். பரமண்டல மந்திரத்தைக் கற்பித்தது யார் என்கிறார்கள். தாய் என்று சொல்லும்போதே கண்ணீர் வழிகிறது. தரிசனத்தில் வந்த மிக்கேல் தூதர் ஆடையின்றியா வந்தார் என ஒருவர் ஏளனமாகக் கேட்க, அவருக்கு உடுத்த ஆண்டவரிடம் ஆடை இல்லையென்று எண்ணுகிறீரா என்று திருப்பிக் கேட்கிறாள். எந்தப் பள்ளியில் கற்ற விடை இது!

அடுத்து வருவது கொடிய வினா: நீ இறையருள் பெற்ற நிலையில் இருக்கிறாயா? ஆம் என்றால், எந்த மனிதரும் உறுதியாக அறிய முடியாததை அறிந்ததாகச் செருக்குற்ற குற்றம். இல்லை என்றால், தன் வாயாலேயே தண்டனை. இளந்துறவி ஒருவர் எழுந்து, விடை கூறாதே என எச்சரிக்கிறார். ஜோன் சற்றே சிந்தித்து, இருந்தால் இறைவன் என்னை அதிலேயே காப்பாராக, இல்லையேல் அதில் சேர்ப்பாராக என்கிறாள். கண்ணி வைத்தவர்களின் முகங்களை அப்போது பார்க்கவேண்டும்! அரிதாரம் பூசாத முகங்கள் அவை. சுருக்கமும் மருவும் திரை முழுவதும் தெரிகின்றன. மௌனப் படமாக இருந்ததும் நன்மையே என்பேன். பேச்சு இருந்திருந்தால் செவி முந்திக்கொண்டு, கண் பின்தங்கியிருக்கும்.

வினாவால் வெல்ல இயலாதவர்கள் வதைக் கருவிகளைக் காட்டுகின்றனர். பிறகு எரியூட்டுவோம் என அச்சுறுத்தி, கையைப் பிடித்துக் கையெழுத்திடச் செய்கின்றனர். உயிர் தப்பியது. சிறையில் தலையை மழிக்கிறார்கள். ஜோனாக நடித்த ஃபால்கோனெட்டி அம்மையாரின் கூந்தலையே உண்மையில் கத்தரித்தார்கள். காவலர் அவளை ஏளனம் செய்யச் சூட்டிய வைக்கோல் முடி, விழுந்த மயிரோடு சேர்ந்து குப்பையாகப் பெருக்கப்படுகிறது. அதைக் கண்டதும் நீதிபதிகளை அழைப்பித்து, உயிருக்கு அஞ்சிப் பொய் உரைத்தேன் என்கிறாள். எல்லாப் படங்களிலும் கண்ட தீக்காட்சியை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. அத்துடைப்பத்தை மட்டும் மறக்க இயலவில்லை.

இப்படத்தின் மூலப்படிவமும் 1928இலேயே தீக்கிரையானது. தொலைந்ததென எண்ணியிருந்த முழுப் படம், 1981இல் நார்வே நாட்டில் ஒரு மனநோய் மருத்துவமனையில் அகப்பட்டது.

இன்னொரு செய்தி. டிரையர் ஆதாரமாகக் கொண்டது, ஜோனைக் குற்றவாளியாக்க நீதிபதிகள் தாமே எழுதுவித்த விசாரணைக் குறிப்பு. 1456இல் அத்தீர்ப்பைச் செல்லாதென அறிவித்த மறுவிசாரணையும் அதே ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது. அவற்றில் அவளுடைய விடைகள் அப்படியே இருந்தன.