அன்பு இருக்கிறது, ஏற்பாடு எங்கே?



பக்கத்து வீட்டு அக்காவிடம் "ஒரு மணி நேரம் அம்மாவப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்க்கிறீர்கள். பாருங்கள், தவறே இல்லை. அழைப்பு வந்தால் உடனே எழுந்து போங்கள். இந்தப் பேச்சே உங்களுக்காகத்தான்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வார்டில் ஒரு காட்சியை ஓயாமல் பார்த்திருக்கிறேன். பெரியவருக்குப் பக்கவாதம், உயிர் பிழைத்துவிட்டார், டிஸ்சார்ஜ் எழுதியாகிவிட்டது. மகன் வந்து, "சிஸ்டர், ஆட்டோல கூட்டிட்டுப் போலாமா, வண்டி பிடிக்கணுமா?" என்று கேட்பார். அடுத்த ஆறு மாதம் இவரை யார் தூக்குவது, யார் குளிப்பாட்டுவது, ராத்திரி இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பது என்று ஒருவரும் கேட்கமாட்டார். ஏனென்றால், கேட்காமலேயே அது முடிவாகியிருக்கும். கட்டிலுக்கடியில் குனிந்து பிளாஸ்கையும் பையையும் எடுத்துக்கொண்டிருக்கிற பெண்ணின் தலையில் அது ஏறியிருக்கும். அவள் மருமகளாக இருப்பாள், அல்லது கல்யாணமாகாத மகளாக இருப்பாள். பல வீடுகளில், தானே எழுபதைத் தாண்டிய மனைவியாக இருப்பாள்.

பெற்றோர் மேல் அன்பில்லாத பிள்ளைகளைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். முதியோர் இல்லம் என்று சொன்னாலே கண்கலங்குகிறோம். என் அனுபவத்தில் அன்பில்லாத வீடுகள் குறைவு. ஏற்பாடில்லாத வீடுகள்தான் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஏற்பாடில்லாத இடத்தில் அன்பு முதலில் களைப்பாகிறது, பிறகு சிடுசிடுப்பாகிறது. கடைசியில், மலம் துடைக்கிற கையே ஒருநாள் அந்தப் பெரியவர் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிடுகிறது. தட்டிவிட்டு அந்தப் பெண் சமையலறையில் போய் அழுகிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 8.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். தமிழ்நாட்டில் 10.4. அதற்குப் பிறகு நமக்கு வயது இன்னும் ஏறியிருக்கிறது. ஐந்தாறு பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்துக்கொண்ட காலம் போய்விட்டது. இன்று இரண்டு பிள்ளைகள். ஒருவர் பெங்களூரில், ஒருவர் சிங்கப்பூரில்.

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பராமரிக்கும் கடமையுள்ள பிள்ளைகள் என்று அந்தச் சட்டம் சொல்வது மகனை, மகளை, பேரனை, பேத்தியை. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. நம் வீட்டுப் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில்! மகனே, உன் அப்பாவைப் பராமரிப்பது சட்டப்படியும் உன் வேலை. மகளே, "நான் கட்டிக்கொடுத்த பொண்ணு" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும்போது, என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக்கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க முடியும். நிபந்தனை எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் அலைவது பெரும்பாடு.

ஆனால் வழக்கு போட்டு ஒரு வாய்க் கஞ்சியை அன்போடு ஊட்டவைக்க முடியாது. ஆகவே வீட்டுக்குள் போவோம்.

ஏற்பாட்டைக் குளியலறையில் தொடங்குங்கள். ஈரத் தரை, உயரமான வாசற்படி, உள்ளிருந்து போடுகிற தாழ்ப்பாள் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இடுப்பெலும்பு முறிந்து வார்டுக்கு வந்த பாட்டிகளிடம் "எங்கம்மா விழுந்தீங்க?" என்று கேட்டால், பாதிப் பேர் கையைக் காட்டுவது பாத்ரூம் பக்கம்தான். துண்டு போடுகிற கம்பி ஆளைத் தாங்காது. சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடி வேண்டும். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் இரவு விளக்கு எரியட்டும். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நடக்கவிடாமல், ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்லுங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அந்த நொடியில்தான் விழுவார்கள்.

படுத்த படுக்கையானவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இதைச் சொல்வது சுலபம். பகலிரவாகப் பன்னிரண்டு தடவை! ஒரே ஆள் இதைச் செய்ய முடியாது; முடியும் என்று நினைக்கிற குடும்பம் அந்த ஆளையும் நோயாளியாக்குகிறது. ஏர் பெட் போட்டிருக்கிறோமே என்று புரட்டுவதை விட்டுவிடாதீர்கள், அதிலும் புண் வரும். சாப்பாட்டை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். படுத்தபடி ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரும். எந்த மாத்திரை எப்போது கொடுத்தோம், எத்தனை தடவை சிறுநீர் போனது, எப்போது புரட்டினோம் என்று எழுதுவதற்குக் கட்டில் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கட்டும். சிங்கப்பூரில் இருக்கிற மகன் தினமும் ஒரு மணி நேரம் வீடியோவில் வந்து "அம்மா சாப்டாங்களா?" என்று கேட்பதைவிட, இரவுக்கு ஓர் ஆளைப் போட்டுச் சம்பளம் கொடுப்பதும், வருடத்தில் ஒரு மாதம் வந்திருந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்கிற அண்ணிக்கு ஓய்வு கொடுப்பதும் மேல்.

ஆள் போடுவது என்றேன். ஏஜென்சி மூலமாகவோ தெரிந்தவர் மூலமாகவோ ஹோம் நர்ஸ் என்று வருகிற பெண்களில் பலர் நர்சிங் படித்தவர்கள் அல்லர். அதில் குறையில்லை. ஆனால் மூக்குக் குழாயில் உணவு கொடுக்கத் தெரியுமா, சிறுநீர்க் குழாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் செவிலியரை அழைத்துக் கற்றுக்கொடுங்கள். இருபத்து நாலு மணி நேர வேலை என்று வந்தவளும் தூங்க வேண்டும். அவளுக்கு வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும். அவளுக்கும் ஊரில் ஓர் அம்மா இருப்பாள். வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ள வந்தவளைக் குடும்பம் முழுவதற்கும் பாத்திரம் தேய்க்க வைத்துவிட்டு, "ஆளே நிக்கமாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்வதை இந்த ஊரிலேயே கேட்டிருக்கிறேன்.

இத்தனையும் பேசுகிறோமே, பெரியவரிடம் கேட்டோமா? எந்த அறையில் படுக்க விருப்பம், யார் குளிப்பாட்டினால் கூச்சமில்லை, மூச்சு முட்டினால் ஐ.சி.யூ. வேண்டுமா, வீட்டிலேயே இருக்க வேண்டுமா? வாய் பேசுகிற காலத்திலேயே கேட்டு எழுதி வையுங்கள். "இப்ப எதுக்கு அந்தப் பேச்செல்லாம்" என்று பிள்ளைகள்தான் தட்டிக் கழிக்கிறார்கள். பெரியவர்கள் பேசத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. வீட்டுக்கே வருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும், இயன்முறை சிகிச்சையும், நோய்த்தணிப்புச் செவிலியரும் அதில் உண்டு. உங்கள் பெரியவர் பெயர் அதில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணை போனில் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிற செவிலியர் போன பிறகு, மீதி நாளெல்லாம் அந்த வீட்டுக்குள் யார் போகிறார்கள்?

கோழிக்கோட்டில் போனார்கள். அங்கே 1993-ல் மருத்துவக் கல்லூரியில் சில மருத்துவர்கள் வலி நிவாரண, நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அதை ஊர்க்காரர்களின் கையில் கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் தர முடிகிற யாரும் பயிற்சி பெற்று, படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்குப் போகலாம். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர் என்று போனார்கள். 2008-ல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. கோழிக்கோடு நமக்கு எட்டாத தூரமில்லை.

இந்த வாசகர் வட்டத்திடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். வாரத்தில் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்கள் இன்றே வாசலில் இருக்கிற நோட்டில் பெயர் எழுதுங்கள். ஆண்கள் அதிகம் எழுத வேண்டும். படுத்திருக்கும் பெரியவரைத் தூக்கி உட்காரவைக்க ஆள்பலம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கற்றுக்கொடுக்கிறேன்.

இன்னொன்று, பெரியவர் காலமான பிறகு உங்கள் பரணில் ஏறிவிட்ட வாக்கர், கமோடு நாற்காலி, சக்கர நாற்காலி, ஏர் பெட் எல்லாவற்றையும் இறக்குங்கள். அடுத்த தெருவில் ஒருவர் கடன் பட்டு இவற்றை விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார். நம் நூலகத்தின் பின்னறையில் வைத்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். செயலாளர் சாவி தர ஒப்புக்கொண்டுவிட்டார். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டு வாருங்கள். சக்கரத்தில் துரு ஏறியிருந்தாலும் பரவாயில்லை, எண்ணெய் போட ஆள் இருக்கிறது.